புளியில் துலக்கிய ரிலே

நித்தியானந்தனின் வாய்க்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எதையாவது பழுது பார்த்து முடித்தால் சும்மா திருப்பிக் கொடுக்கமாட்டார். "இனி உம்மட ஆயுசுக்கும் காணும்" என்று ஒரு உத்தரவாதத்தையும் சேர்த்துத்தான் கொடுப்பார். ரேடியோவுக்கும் அதே வார்த்தை, இஸ்திரிப்பெட்டிக்கும் அதே வார்த்தை. வாங்கிப் போகிறவர்களும் சிரித்துக்கொண்டு போவார்கள். யாருடைய ஆயுசு எவ்வளவு என்று யார் கேட்டது?

எழுபத்தாறாம் ஆண்டு தைப்பொங்கலுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, சேகர் தன் மோட்டார் சைக்கிளை, கங்காரு தேசத்துப் பெருநகர் ஒன்றின் புறநகரான கிரவீனில் இருந்த அவர் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தான். சேகர் மதுரைக்காரன். ஒரு கட்டட நிறுவனத்தில் வரைபடம் போடுகிற வேலை. முந்தின குளிர்காலத்தில் ரயில் நிலையப் படியில் வழுக்கி வலது கணுக்காலை உடைத்துக்கொண்டவன். உள்ளே இரண்டு உருக்குத் திருகாணி வைத்துத் தைத்திருந்தார்கள். ஆறு மாதத்துக்கு வண்டியைக் காலால் உதைத்துக் கிளப்பக்கூடாது என்று டாக்டர் கட்டளை. ஆகவே கைப்பிடியில் இருக்கிற அந்தச் சின்னப் பட்டன்தான் அவனுக்குக் கால். அது இரண்டு நாளாக வேலை செய்யவில்லை.

"அமுக்கினா டிக்குன்னு ஒரு சத்தம் மட்டும் வருதுண்ணே. வேற ஒண்ணும் நடக்க மாட்டேங்குது" என்றான் சேகர். வியர்வை காதுவழியே ஒழுகியது.

நித்தியானந்தன் பகலில் ஒரு தொழிற்சாலையில் மின்வேலைக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கெல்லாம் வைத்தியர். அவர் முதலில் ஹோர்னை அடித்துப் பார்த்தார். தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அடித்தது. விளக்கும் வெள்ளையாக எரிந்தது.

"பற்றறியிலை பிழையில்லை" என்றார். பிறகு இருக்கையைத் தூக்கி, ஸ்டார்ட்டர் ரிலேயின் இரண்டு தடித்த முனைகளுக்கும் குறுக்கே ஒரு பெரிய திருப்புளியை வைத்தார். தீப்பொறி பறந்தது, ஸ்டார்ட்டர் மோட்டர் உறுமிச் சுழன்றது. சேகர் ஓர் அடி பின்னால் போய்விட்டான்.

"மோட்டரிலையும் பிழையில்லை தம்பி. இடையிலை நிக்கிற இவன்தான் கள்ளன்."

இடையில் நின்றவன் ஒரு தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய டப்பா. பட்டனை அமுக்கினால் மெல்லிய மின்சாரம் வந்து அதற்குள் இருக்கும் ஓர் இரும்புத் தண்டை இழுக்கும். தண்டு ஒரு செப்புத் தட்டைக் கொண்டுபோய் இரண்டு முனைகளிலும் ஒட்டவைக்கும். பற்றறியின் முழுப் பலமும் அதன் வழியே மோட்டருக்குப் பாயும். விரலை எடுத்தால் சுருள்கம்பி தண்டைப் பின்னுக்குத் தள்ளிவிட, எல்லாம் நின்றுவிடும். நிற்க வேண்டும்.

டப்பாவைத் திறந்தால் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு. அந்த வண்டி சேகர் கைக்கு வருவதற்கு முன் இரண்டு வருசம் கூஜி கடற்கரைத் தெருவில் மழையிலும் உப்புக்காற்றிலும் நின்ற வண்டி. புது ரிலே ஜப்பானிலிருந்து வர ஆறு கிழமை, ஒன்றரை மாதம், ஆகும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். சேகரின் மனைவி சந்திரகலாவுக்கு ஆறு மாதம். ஞாயிற்றுக்கிழமையில் பஸ் எப்போது வரும் என்று பஸ்காரனுக்கே தெரியாத ஊர் அது. ஆறு கிழமை காத்திருக்க அவனுக்கு மனமில்லை.

நித்தியானந்தன் அரத்தாளால் தேய்த்துப் பார்த்தார். மேடெல்லாம் மினுங்கியது, குழியெல்லாம் பச்சையாகவே இருந்தது. அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள், அடுப்படியில், அவர் மனைவி சிவனேஸ்வரி பொங்கலுக்காகக் குத்துவிளக்கைத் துலக்கிக்கொண்டிருந்தார். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்த இடம் பொன்னாகத் தெரிந்தது. நித்தியானந்தனின் மூளை சும்மா இருக்குமா?

"இஞ்சாரும், அதிலை கொஞ்சம் தாரும்."

"கொழும்பிலயிருந்து பெட்டிக்குள்ள ஒளிச்சுக் கொண்டந்த புளி. ரசத்துக்கே காணாது. உங்கட மோட்டச்சைக்கிளுக்கும் ரசம் வைக்கப் போறியளோ?" என்று சொல்லிக்கொண்டே ஒரு உருண்டை கிள்ளிக் கொடுத்தார் சிவனேஸ்வரி.

புளியும் உப்பும் பட்டதும் செம்பு புதுப்பெண் மாதிரி ஆகிவிட்டது. பழைய இரும்புக் கடையில் வாங்கி வைத்திருந்த இன்னொரு ரிலேயும் அவரிடம் இருந்தது. தண்டை இழுக்கிற அதன் செப்புக்கம்பிச் சுருளில் பாதி எரிந்து இழுவை பலவீனம், வண்டியில் பூட்ட உதவாது. இருந்தாலும் மிச்சப் புளியை வீணாக்குவானேன் என்று அதையும் துலக்கினார். அப்படியும் மிஞ்சியதைத் தன் காரின் பற்றறிக் கவ்விகளில் தேய்த்தார். எல்லாவற்றையும் ஒரு காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தார்.

"கழுவேல்லையே?" என்று கேட்டார் சிவனேஸ்வரி. அவர் விளக்கை மூன்று தண்ணீர் விட்டு அலசித் திருநீறு போட்டு ஈரம் எடுத்து வைத்திருந்தார்.

"இது விளக்கில்லை ஈசு. கரண்ட் சாமான். தண்ணி காட்டக்கூடாது."

இருபது வருசம் மின்சாரத்தோடு வாழ்ந்த மனுசன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் விட்டுவிட்டார். நித்தியானந்தன் டப்பாவை மூடி, விளிம்பில் பசை பூசி, வண்டியில் பூட்டினார். சேகர் பட்டனைத் தொட்டதுதான் தாமதம், எஞ்சின் எழும்பியது.

"பயப்பிடாமல் அமத்தும் தம்பி. உம்மட ஆயுசுக்கும் காணும்."

அந்தக் கிழமை முழுக்க மழை பெய்தது. பொங்கல் பானையைக்கூட வீட்டுக்குள்ளேதான் வைத்தார்கள். அடுத்த ஞாயிறு காலை வெயில் பளிச்சென்று எறித்தது. நித்தியானந்தன் பால் வாங்கப் போவதற்காகக் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார்.

டிக்.

மறுபடி திருப்பினார். டிக். இறங்கி முன்மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றார். போன கிழமை பொன்னாக மினுங்கிய கவ்விகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம் பூத்திருந்தது. விரலால் தொட்டார். ஈரமாக, பிசுபிசுப்பாக இருந்தது. நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. புளியின் காடியும் உப்பும் துணிக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து, மழைக்காற்றின் ஈரத்தைக் குடித்து, உலோகத்தைத் தின்றுகொண்டிருந்தன. தண்ணீருக்குப் பயந்து, தண்ணீரை விடப் பொல்லாததை அவரே உள்ளே வைத்து மூடியிருக்கிறார்.

அவர் கொட்டிலுக்கு ஓடினார். பிஸ்கட் டின்னுக்குள் அந்த இரண்டாவது ரிலே இருந்தது. அதை ஒரு பழைய பற்றறியில் தொடுத்து, கம்பியைத் தொட்டார். டக் என்று உள்ளே தண்டு இழுபட்டது. கம்பியை எடுத்தார்.

தண்டு திரும்பி வரவில்லை.

டப்பாவை ஆட்டினார், தட்டினார். திருப்புளியின் பிடியால் ஓங்கி அடித்த பிறகுதான் தண்டு விடுபட்டது. திறந்து பார்த்தால் இரும்புத் தண்டு முழுக்கச் செந்துரு. செப்புத் தட்டில் பச்சை. ஒரே நாள், ஒரே புளி, ஒரே கை துலக்கிய இரண்டு ரிலேக்கள். ஒன்று இங்கே செத்துக் கிடக்கிறது. மற்றது சேகரின் இருக்கைக்குக் கீழே, பெற்றோல் தாங்கிக்கு ஒரு சாண் பின்னால். வண்டியில் பூட்டிய ரிலே ஒட்டிக்கொண்டால் சேகர் விரலை எடுத்தாலும் ஸ்டார்ட்டர் நிற்காது. சாவியை மூடினாலும் நிற்காது. கேபிள் கொதிக்கும், ரப்பர் உருகும், அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்றைக்கு ஸ்ட்ராத்ஃபீல்டில் பொங்கல் விருந்து. சேகர் சந்திரகலாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகப் போகிறான். வெள்ளிக்கிழமை அவனே ரயிலில் கண்டு சொன்னவன்.

"ஈசு! ஓடி வாரும்! காரைத் தள்ளவேணும்!"

"என்ன, ஆருக்கு என்ன?"

"நான் ரெண்டு பேரைக் கொல்லப் பாத்திட்டன்."

சிவனேஸ்வரி முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்து தள்ளினார். நித்தியானந்தன் கத்தியால் கவ்விகளைச் சுரண்டி இறுக்கியிருந்தார். சரிவில் கார் உருண்டு, இருமி, எழும்பியது. பத்தாம் நம்பர் ஸ்பேனரைச் சட்டைப் பையில் போட்டதுகூட அவருக்கு ஞாபகமில்லை. கைக்குத் தானே தெரிந்திருக்கிறது.

டூங்கபியில் சேகர் ஒரு மால்டாக்காரக் கிழவரின் வீட்டுப் பின்பகுதியில் குடியிருந்தான். அங்கே டெலிபோன் கிடையாது. கிழவர் முன்புறம் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"இப்பத்தான் போனாங்க. பத்து நிமிசம் இருக்கும். ஒரே அமுக்கு, உடனே கிளம்பிருச்சு. நீதானே ரிப்பேர் பண்ணினது? நல்ல கை உனக்கு!" என்று ஆங்கிலத்தில் சொல்லிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார் கிழவர்.

நித்தியானந்தன் காருக்குத் திரும்பிக்கொண்டே கேட்டார்: "எந்தப் பக்கம் போனவை?"

"பெட்ரோல் போடணும்னு சொன்னான்."

பெற்றோல். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லா நிலையமும் திறக்காது, முறை வைத்துத்தான் திறப்பார்கள். அன்றைக்கு முறை மேய்ஸ் ஹில்லில், நெடுஞ்சாலை ஓரத்து நிலையத்துக்கு. அங்கே சேகர் எஞ்சினை நிறுத்துவான். தாங்கியின் கழுத்துவரை நிரப்புவான், அவன் பழக்கம் அது. கொஞ்சம் வழியும். வழிந்ததைக் கையால் துடைத்துவிட்டுப் பட்டனை அமுக்குவான்.

வழியெல்லாம் சிவப்பு விளக்கு. ஒவ்வொரு விளக்கிலும் நித்தியானந்தன் தன் காரின் எஞ்சின் நின்றுவிடாமல் காலால் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு விளக்கில் நிற்கும்போது மனசுக்குள் ஒரு நினைப்பு வந்தது. வண்டி எரிந்தால் ரிலேயும் எரிந்துவிடும். புளியும் உப்பும் எரிந்துவிடும். பழைய வண்டி, உப்புக்காற்று, யாருக்கு என்ன தெரியும்? ஈசு வாய் திறக்கமாட்டார். இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. வந்தது வந்ததுதான். தன்னைத் தானே கண்டு பயப்பட வேண்டிய நிலைமை அன்றைக்கு அவருக்கு வந்தது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்த பிறகுதான் விளக்கு பச்சையானதைக் கண்டார்.

நிலையத்தில் கார்கள் வரிசையாக நின்றன. கடைசிப் பம்பில் சேகர். ஹெல்மெட் மாட்டியாகிவிட்டது. சந்திரகலா மஞ்சள் சேலையில், ஒரு கை அவன் தோளில், மறு கை தன் வயிற்றில், மெல்ல ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தாள். நித்தியானந்தன் காரை நடுவழியில் அப்படியே விட்டுக் கதவைத் திறந்து ஓடினார்.

"சேகர்! வேண்டாம்! அமத்தாதையும்! கையை எடும்!"

ஹெல்மெட்டுக்குள் என்ன கேட்கும்? சேகர் அவரைக் கண்டான். சிரித்தான். இடது கையைத் தூக்கி ஆட்டினான். வலது கட்டைவிரலால் பட்டனை அமுக்கினான்.

எஞ்சின் கிளம்பியது. அதோடு இன்னொரு சத்தமும் நின்றுபோகாமல் கூடவே வந்தது, கீறுகிற, அரைக்கிற சத்தம். சேகர் விரலை எடுத்தான். சத்தம் நிற்கவில்லை. சாவியை மூடினான். எஞ்சின் தானாக ஓடுவது நின்றது, ஆனால் உள்ளேயிருந்து எதுவோ அதைப் பிடித்துச் சுற்றிக்கொண்டேயிருந்தது.

"அண்ணே! கைய எடுத்துட்டேன், நிக்க மாட்டேங்குதே!"

"சந்திரகலாவை இறக்கும்! இறங்கு பிள்ளை, ஓடு! அங்காலை ஓடு!"

இருக்கையின் ஓரத்தால் மெல்லிய நீலப் புகை வந்தது. ரப்பர் நாற்றம். தாங்கியின் வாயில் வழிந்த பெற்றோல் வெயிலில் ஈரமாக மினுங்கியது. பம்ப்காரப் பெடியன் சிவப்பு மண் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, கிட்ட வரப் பயந்து நின்றான். சந்திரகலா இறங்கினாள். ஓடவில்லை, ஓட முடியவில்லை. நாலடி தள்ளி நின்று "ஏங்க, வாங்க, வந்துருங்க" என்று அழுதாள்.

நித்தியானந்தனும் சேகரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியைத் தள்ளினார்கள். பம்புகளைத் தாண்டி, தெருவோரப் புல்லில் ஏற்றி நிறுத்தினார்கள். சேகரின் கணுக்கால் மடங்கியது, அப்படியும் அவன் விடவில்லை. நித்தியானந்தன் இருக்கையைத் தூக்கினார். ரிலேயிலிருந்து போகும் கேபிள் பளபளவென்று உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. ஸ்பேனரை பற்றறியின் நெகட்டிவ் முனையில் மாட்டினார். வழுக்கியது. மறுபடி மாட்டினார். புறங்கை கேபிளில் பட்டுத் தோல் ஒட்டிக்கொண்டது. எடுக்கவில்லை. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. முனையைப் பிடித்துப் பிடுங்கினார்.

நின்றது.

நெடுஞ்சாலையில் கார்கள் போகிற சத்தம் அப்போதுதான் அவருக்குக் கேட்டது.

சேகர் புல்லில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். முகத்தில் இரத்தமில்லை. சந்திரகலா வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பம்ப்காரன் மண்ணை இருக்கைக்குக் கீழே கொட்டிவிட்டு, "பழைய வண்டிகளே இப்படித்தான், நம்பக்கூடாது" என்று ஆங்கிலத்தில் சொல்லிப் போனான்.

"தெய்வம் மாதிரி வந்தீங்கண்ணே. நீங்க மட்டும் வரலன்னா..." என்றான் சேகர்.

இப்போது ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம். பழைய வண்டி என்று மூன்றாம் மனுசனே சொல்லிவிட்டான். தெய்வம் என்று சேகரே சொல்லிவிட்டான். நித்தியானந்தன் தன் வெந்த கையைப் பார்த்தார். சிவப்பு விளக்கில் வந்த நினைப்பு மறுபடி வந்து பக்கத்தில் நின்றது. எரிகிற வண்டியை விட அதற்குத்தான் அவர் கூடுதலாகப் பயந்தார்.

"தெய்வமுமில்லை, ஒரு மண்ணுமில்லை. நான்தான் தம்பி இதைச் செய்தனான். புளியும் உப்பும் போட்டுத் துலக்கிப்போட்டுக் கழுவாமல் மூடினனான். உள்ளுக்குத் துருப்பிடிச்சு ஒட்டிட்டுது."

சேகர் நிமிர்ந்து பார்த்தான். சந்திரகலாதான் முதலில் பேசினாள்.

"கழுவலையா? விளக்கு தேச்சாகூட மூணு தண்ணி விடுவோமே அங்கிள்."

"ஈசுவும் கேட்டவ. நான்தான் எல்லாம் தெரிஞ்ச ஆள் மாதிரிக் கதைச்சனான்."

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் காரில் ஏறச் சொன்னபோது, "இல்லண்ணே, டாக்ஸி பிடிச்சுக்கறோம்" என்றான் சேகர். அந்த ஒரு வாக்கியம் கையில் பட்ட சூட்டை விட அதிகமாகச் சுட்டது.

ஆறு கிழமை கழித்து ஜப்பானிலிருந்து புது ரிலே வந்தது. கடைக்காரனிடமே பூட்டக் கொடுப்பான் என்றுதான் நித்தியானந்தன் நினைத்திருந்தார். ஆனால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சேகர் ஒரு சின்ன லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினான். சந்திரகலாவும் வந்திருந்தாள். எட்டாம் மாதம் நடப்பதால் மெல்லத்தான் நடந்தாள்.

"நீங்களே பூட்டுங்கண்ணே. ஆனா முதல் தடவை பட்டனை நீங்கதான் அமுக்கணும்."

நித்தியானந்தன் புதுக் கேபிள் போட்டார். முனைகளை வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, கிரீஸ் தடவினார். ஒவ்வொரு திருகாணியையும் இரண்டு முறை பார்த்தார். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். தாங்கியில் பெற்றோல் இருந்தது. இடது கையில் பத்தாம் நம்பர் ஸ்பேனர். சிவனேஸ்வரி குசினி வாசலில் ஒரு வாளித் தண்ணீரோடு நின்றார். மின்சாரத் தீக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று சொல்ல நித்தியானந்தனுக்கு வாய் வரவில்லை. கட்டைவிரல் பட்டனுக்கு மேலேயே நின்றது. கீழே போகவில்லை.

சேகர் வந்து வண்டிக்குப் பக்கத்தில், தாங்கியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றான். "அமுக்குங்க" என்றான்.

அமுக்கினார். எஞ்சின் எழும்பியது. விரலை எடுத்தார். ஸ்டார்ட்டர் நின்றது. எழும்பிய சத்தம் அவருக்குக் கேட்கவேயில்லை, நின்ற இடம்தான் கேட்டது. எஞ்சினை நிறுத்தி மறுபடி அமுக்கினார். நின்றது. மறுபடி. நின்றது. பதினோராவது தடவைக்குப் பிறகு சேகர் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"போதும்ணே."

நித்தியானந்தன் இறங்கிச் சாவியை அவன் கையில் கொடுத்தார். எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், சிவனேஸ்வரிகூட. வழக்கமான வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது. அவர் அதை விழுங்கினார்.

"இண்டைக்குச் சரி தம்பி. அடுத்த ஞாயிறு திரும்பக் கொண்டு வாரும். திறந்து பாப்பம்."